ஒழுங்கையை உயர்த்துவதா, தண்ணீருக்கு வழி விடுவதா? யாழ் நகரப் பள்ளப் பகுதியில் இருப்பவர்கள் சொல்லுங்கள்

நாவாந்துறை_ஒழுங்கை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் நாவாந்துறைப் பக்கம், கடல்நீரேரிக்குக் கிட்ட ஒரு ஒழுங்கையில் இருக்கிறோம். 14 வீடுகள். ஒன்றரைப் பரப்பு, இரண்டு பரப்பு என்று சின்னக் காணிகள்தான். 95 ஒக்ரோபரில் யுத்தத்தால் ஊரோடு நாங்களும் வெளிக்கிட்டு, தென்மராட்சி, பிறகு வன்னி என்று அலைந்து 2010இல் திரும்பி வந்தபோது கூரை இல்லை, யன்னல் நிலைகள் இல்லை, கிணற்றுக் கட்டுக்குள் வேப்பங்கன்று ஒன்று மரமாகி நின்றது. கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்திக் குடியிருக்கிறோம்.

பிரச்சினை வீட்டில் இல்லை, ஒழுங்கையில். முதலில் கிரவல் போட்டார்கள், இரண்டு வருடம் கழித்து அதன் மேலே தார், பிறகு தாருக்கு மேலேயே கொங்கிறீற். பழையதை ஒருவரும் கிளறி எடுக்கவில்லை. அம்மா கல்யாணமாகி வந்த காலத்தில் இரண்டு படி ஏறித்தான் விறாந்தைக்குப் போவார்களாம், இப்போது ஒழுங்கையில் இருந்து ஒரு படி இறங்கி வீட்டுக்குள் போகிறோம். 2024 நவம்பர் மழைக்கு முழங்கால் தண்ணீர், நாலு நாள் வற்றவில்லை. மலசலகூடக் குழியும் கிணறும் ஒரே தண்ணீராகக் கிடந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். பிறகு கிணற்றுத் தண்ணீரைக் கொடுத்துப் பரிசோதித்தோம், நைற்றேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டி நிற்கிறது, கிருமியும் இருக்கிறது.

இப்போது வெளிநாட்டில் இருக்கிற எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகள் காசு சேர்த்துத் தருகிறோம் என்கிறார்கள். பாதிப் பேர் ஒழுங்கையை இன்னும் ஒரு அடி உயர்த்தி, அவரவர் வளவுக்குள் மண் கொட்டி நிரப்பலாம் என்று நிற்கிறார்கள். மிச்சப் பேர் வாய்க்கால் வேண்டும் என்கிறார்கள், ஆனால் வாய்க்கால் எங்கே போய் முடிவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. நான் பாடம் சொல்லிக் கொடுக்கிறவள் என்பதால் மாநகர சபைக்குக் கடிதம் எழுதும் வேலை என்னிடம் வந்துவிட்டது. என்ன கேட்டு எழுதுவது? மழைக்கு இன்னும் மூன்று மாதம்கூட இல்லை.

---

மட்டப்பலகை எழுதியது:

உயர்த்த வேண்டாம் தங்கச்சி. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், காரணம் பிறகு.

நான் வடக்கில் வீதி, வடிகால் வேலைகளில் 12 வருடம் தொழில்நுட்ப உத்தியோகத்தராக நின்றவன். 2009க்குப் பிறகு எல்லா இடத்திலும் ஒரே கணக்குத்தான் கேட்டார்கள்: எத்தனை கிலோமீற்றர் முடிந்தது? ஒதுக்கிய காசு டிசம்பருக்குள் செலவாகாவிட்டால் திரும்பிப் போய்விடும். பழைய தாரைச் சுரண்டி எடுத்து, அதே மட்டத்தில் புதியதைப் போட நேரமும் வேண்டும், மெசினும் வேண்டும். மேலே போட்டுக்கொண்டு போவது சுகம். அப்படி ஒவ்வொரு ஒழுங்கையும் நாலு அங்குலம், ஆறு அங்குலம் என்று வளர்ந்து, பக்கத்து வளவுகள் எல்லாம் கிண்ணமாகிவிட்டன. நீங்கள் இன்னும் ஒரு அடி உயர்த்தினால் அந்தத் தண்ணீர் அடுத்த ஒழுங்கைக்குப் போகும், அடுத்த வருடம் அவர்கள் ஒன்றரை அடி உயர்த்துவார்கள், அப்புறம் உங்கள் பாடு பழையபடி.

இனி வாய்க்கால் விசயம். யாழ்ப்பாணத்தில் வருடத்துக்கு 1,200, 1,300 மில்லிமீற்றர் மழைதான், ஆனால் பெரும்பகுதி ஒக்ரோபரில் இருந்து டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். அதே நாட்களில்தான் கடல்நீரேரியும் நிரம்பி நிற்கும். நாவாந்துறை, பொம்மைவெளி, கொட்டடி மாதிரி இடங்களில் நிலத்துக்கும் ஏரிக்கும் உயர வித்தியாசம் மிகக் கொஞ்சம். ஏரி நிரம்பி இருக்கிற நேரத்தில் எவ்வளவு நல்ல வாய்க்கால் வெட்டினாலும் தண்ணீர் ஓடாது, சில இடங்களில் திரும்பி உள்ளே வரும். அதுதான் முன்னோர் குளம் வைத்ததன் கணக்கு. குளம் என்றால் குளிக்கவும் மாடு தண்ணி குடிக்கவும் மட்டும் இல்லை, ஏரி இறங்கும் வரைக்கும் அந்த இரண்டு மூன்று நாள் மழையைப் பிடித்து வைத்திருக்கிற இடம் அது. ஆரியகுளம், புல்லுக்குளம், நாயன்மார்க்கட்டுக் குளம் என்று இப்போது பெயர் தெரிந்தவை சிலதான். பெயர் தெரியாத சின்னக் குளங்களும் தாழ்வான நிலங்களும் அதைவிட அதிகம் இருந்தன, அவற்றின் மேல்தான் பல மதில்கள் நிற்கின்றன.

ஆரியகுளத்தை 2021 கடைசியில் தூர்வாரித் திறந்தபோது சனம் பின்னேரத்தில் வந்து இருந்ததைப் பார்த்திருப்பீர்கள். எனக்கும் சந்தோசம்தான். ஆனால் நான் முதலில் நடைபாதையையும் வெளிச்சத்தையும் பார்க்கவில்லை, குளத்துக்குத் தண்ணீர் வருகிற வாய் எது, மிஞ்சியது போகிற வாய் எது என்றுதான் தேடினேன். எந்தக் குளத்திலும் அதைத்தான் பார்க்க வேண்டும். உலக வங்கிக் கடனில் 2016இல் யாழ்ப்பாணத்துக்கென்று 5.5 கோடி டொலர் ஒதுக்கிய நகரத் திட்டத்தில் வடிகாலும் குளமும் இருந்தன, ஆகவே இந்தக் கதை சபைக்கும் புதிதில்லை, கூச்சப்படாமல் கேளுங்கள்.

கடிதம் எழுத முன்னம் ஒரு வேலை செய்யுங்கள். மேசன்மார் கண்ணாடி ரியூப்பில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்ப்பார்களே, அதைக் கொண்டு 14 படலையிலும் ஒழுங்கையின் உயரத்தை அளந்து ஒரு தாளில் எழுதுங்கள். எந்தப் படலை ஆகத் தாழ்வு, அதில் இருந்து பெரிய வாய்க்கால் எவ்வளவு உயரம் அல்லது பள்ளம் என்று தெரிந்தால் பாதி வழக்கு முடிந்தது. "வெள்ளம் வருகிறது, உதவுங்கள்" என்று எழுதுகிற கடிதத்துக்கும், 9ஆம் வீட்டு வாசல் பெரிய வாய்க்காலை விட இத்தனை அங்குலம் பள்ளம் என்று எழுதுகிற கடிதத்துக்கும் வருகிற பதில் வேறு வேறு. ஒழுங்கையைத் திரும்பப் போடுவதானால் பழையதை எடுத்துவிட்டுப் போட வேண்டும் என்பதை முதல் வரியிலேயே எழுதுங்கள்.

---

கிணற்றடி எழுதியது:

மட்டப்பலகை அண்ணை வெள்ளத்தைச் சொல்லிவிட்டார், நான் கிணற்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அது மழை விட்ட பிறகும் இருக்கிற பிரச்சினை.

நைற்றேற்று கூடின தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்காதீர்கள். கொதித்தால் கிருமி சாகும், நைற்றேற்று போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறியும். கைக்குழந்தைக்குப் பால் கரைக்க அந்தத் தண்ணீர் வேண்டவே வேண்டாம்.

எங்கள் நிலம் முழுக்கச் சுண்ணாம்புக்கல். கல்லுக்குள் வெடிப்பும் குகையும். கீரிமலையில் கடலுக்குப் பக்கத்திலேயே நல்ல தண்ணீர் ஊறுகிறதே, அது எங்கோ உள்ளே பெய்த மழை கல்லுக்குள்ளால் நடந்து வந்தது. நல்ல தண்ணீர் அப்படி நடக்கும் என்றால் குழித் தண்ணீரும் அப்படியேதான் நடக்கும். சுன்னாகத்தில் மின் நிலையத்து எண்ணெய் கிணறு கிணறாகப் பரவியதை மறந்திருக்க மாட்டீர்கள், உச்ச நீதிமன்றம் 2019இல் இழப்பீடு கொடுக்கச் சொல்லும் வரைக்கும் போன வழக்கு அது.

குழிக்கும் கிணற்றுக்கும் 50, 60 அடி விடச் சொல்வார்கள். ஒன்றரைப் பரப்பு என்பது 4,000 சதுர அடி சொச்சம், பக்கம் 64 அடி. உங்கள் கிணற்றை உங்கள் குழியில் இருந்து தள்ளி வைத்தால் அது பக்கத்து வீட்டுக் குழிக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். தனித்தனியாக யாரும் இதைச் சரிப்படுத்த முடியாது. நகரத்தில் குழாய்க் கழிவுநீர்த் தொகுதி இல்லை, வீட்டுக்கு வீடு அடி கட்டாத குழிதான். ஆகவே வருகிற காசில் ஒரு பங்கை இரண்டு மூன்று வீட்டுக்கு ஒன்றாக, அடியும் பக்கமும் பூசி மூடின தொட்டி கட்டி, பவுசர் வைத்து அள்ளுவதற்கு ஒதுக்குங்கள். பார்க்க ஒன்றும் தெரியாது, திறப்பு விழாவும் இருக்காது. ஆனால் பிள்ளைகளின் வயிற்றோட்டம் குறைவதில் தெரியும்.

---

பழைய_சைக்கிள் எழுதியது:

பிள்ளை, நான் உங்கள் பக்கத்து ஆள்தான். ஒன்றைச் சொல்ல வேண்டும் என்று நினைத்து இரண்டு நாள் எழுதாமல் இருந்தேன்.

96 ஏப்ரலில் தென்மராட்சியில் இருந்து திரும்பி வந்தோம். எங்கள் வீட்டு முன்பக்கச் சுவர் முழுவதும் விறாந்தையில் விழுந்து கிடந்தது. கல்லும் ஓடும் சீமெந்துக் கட்டியும். எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? டிராக்டர் இல்லை, மண்ணெண்ணெய்க்கே வழி இல்லை. ஒழுங்கை முடிவில் ஒரு தாழ்வு இருந்தது, மாரியில் தண்ணீர் நிற்கும், கோடையில் பெடியள் பந்தடிப்பார்கள். கடகத்தில் அள்ளி, சைக்கிள் கரியரில் வைத்துக் கட்டி, நானும் தம்பியும் ஒரு மாதம் அதற்குள் கொட்டினோம். எங்களைப் பார்த்து மற்றவர்களும் கொட்டினார்கள். வீட்டைத் துப்புரவாக்கிவிட்டோம் என்று அன்றைக்கு நிம்மதியாக இருந்தது. அந்தத் தாழ்வுதான் ஒழுங்கைத் தண்ணீர் எல்லாம் போய்ச் சேர்ந்த இடம் என்று எனக்கு விளங்கியது 2008 நவம்பரில், நிஷா புயல் வெள்ளம் வீட்டுக்குள் வந்த இரவு. அதற்கு முதல் எத்தனையோ மழை பெய்தது, அந்த வீட்டுக்குள் வெள்ளம் வந்தது இல்லை.

அதற்குள் அந்தக் காணியை மதில் கட்டி அடைத்தாயிற்று. மதிலுக்குக் கீழே பழைய கல்மதகு ஒன்று இருக்க வேண்டும், அரை வட்டமாக, பொழிந்த கல்லில் கட்டினது. தெற்குப் பக்கம், பூவரச மரம் நின்ற இடத்துக்கு நேரே. வந்து காட்டுகிறேன்.

இன்னொன்று. கிணற்றைத் திருத்தும்போது கப்பியைக் கழற்றிப்போடாதீர்கள். 90இல் இருந்து அஞ்சு வருடத்துக்கு மேல் எங்களுக்குக் கரண்ட் இல்லை, எரிபொருள், சீமெந்து, பற்றரி எல்லாம் தடை, ஜாம் போத்தலில் திரி வைத்து விளக்குக் கொளுத்திப் பிள்ளைகளைப் படிப்பித்தோம். அப்போதும் தண்ணீருக்கு நாங்கள் அந்தரப்படவில்லை, துலாவும் கப்பியும் இருந்தன. 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் போனபோது எங்கள் ஒழுங்கையில் 14 வீட்டில் மூன்று வீட்டில்தான் கையால் தண்ணீர் அள்ள முடிந்தது. மிச்சக் கிணறுகளுக்கு மேலே கொங்கிறீற் மூடி போட்டு, ஒரு மோட்டர் பைப்புக்கு மட்டும் ஓட்டை விட்டிருந்தார்கள். வாளி போகாது.

---

ரொட்டர்டாம்_தமிழ் எழுதியது:

பெரியவர் எழுதியதை வாசித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை. ஐயா, நீங்கள் செய்ததை ஒரு முழு நகரமே செய்திருக்கிறது.

நெதர்லாந்தில் நான் 30 வருடமாக இருக்கிற ரொட்டர்டாமின் நடுப்பகுதியை 1940 மே 14 அன்று ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்டு அழித்தன. 80,000 பேர் அளவில் வீடு இழந்தார்கள். அந்த இடிபாட்டையும் கொட்ட இடம் வேண்டியிருந்தது. நகரத்துக்குள் ஓடிய கால்வாய்களுக்குள் கொட்டி நிரப்பினார்கள். பிளாக் என்ற பெரிய வீதியில் நான் தினமும் பஸ் ஏறுகிறேன், அது முன்பு தண்ணீர் நின்ற இடம். கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிற நகரம் தன் நீர்வழியைத் தானே அடைத்துக்கொண்டது. அகலமான வீதி, புதிய கடைத்தெரு என்று அந்த நேரம் அது முன்னேற்றமாகத்தான் தெரிந்திருக்கும்.

இப்போது பெருமழைக்கு நிலக்கீழ்க் குழாய்கள் தாங்கவில்லை. கால்வாயைத் திரும்ப வெட்ட முடியாது, மேலே நகரம் நிற்கிறது. அதனால் 2013இல் பெந்தெம்பிளைன் என்ற இடத்தில் ஒரு பள்ளமான சதுக்கம் கட்டினார்கள். சுற்றிவரப் படிகள், நடுவில் பந்து விளையாடும் இடம். வருடத்தில் பெரும்பாலான நாட்கள் காய்ந்து கிடக்கும், பக்கத்துப் பாடசாலைப் பிள்ளைகள் படியில் இருந்து சாப்பிடுவார்கள். பெருமழை வந்தால் சுற்றியுள்ள கூரைத் தண்ணீரும் சதுக்கத்துத் தண்ணீரும் அதற்குள் வந்து நிற்கும், 17 லட்சம் லீற்றர் வரைக்கும் பிடிக்கும், மழை விட்ட பிறகு மெதுவாக விடுவார்கள்.

மாரியில் தண்ணீர் நிற்கும், கோடையில் பெடியள் பந்தடிப்பார்கள் என்று ஐயா எழுதினாரே. அதேதான். இங்கே எவ்வளவோ காசு செலவழித்துக் கட்டியதை உங்கள் ஒழுங்கை முடிவில் ஒரு காலத்தில் சும்மா வைத்திருந்தீர்கள். உங்கள் பிள்ளைகள் அனுப்பும் காசு மண் கொட்டுவதற்குப் போகக் கூடாது. அந்தத் தாழ்வில் ஒரு பரப்பையாவது திரும்ப எடுக்க முடியுமா என்று பாருங்கள்.

---

கோணப்புலம்_பிள்ளை எழுதியது:

குளத்தையும் தாழ்வையும் திரும்ப எடுக்க வேண்டும் என்று எல்லோரும் எழுதுகிறீர்கள், சரி. அங்கே இப்போது யார் இருக்கிறார்கள் என்பதையும் ஒருவர் எழுத வேண்டும்.

என் அம்மா அப்பா 1990இல் வலிகாமம் வடக்கில் இருந்து கலைந்தவர்கள். காணி இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போய்விட்டது. நான் நலன்புரி நிலையம் என்ற இடம்பெயர்ந்தோர் முகாமில் பிறந்து, அங்கேயே ஓஎல் எழுதினவள். முகாமை விட்டு வெளியே வந்தவர்களில் பலர் மேட்டுக் காணி வாங்கப் பணம் இல்லாமல் குளக்கரையிலும் சேற்று நிலத்திலும்தான் கொட்டில் போட்டார்கள். எங்கள் மாமா குடும்பமும் அப்படித்தான். அவர்களை "அத்துமீறிக் குடியேறியவர்கள்" என்று ஒரு கூட்டத்தில் சொன்னபோது மாமி எழும்பி, எங்கள் சொந்தக் காணியை விடுங்கள், நாளைக்கே போகிறோம் என்றார். கூட்டத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

வலிகாமம் வடக்கில் ஒவ்வொரு துண்டாகத்தான் காணி விடுபடுகிறது. நகரத்துப் பள்ளத்தில் வெள்ளம் நிற்பதற்கும், பலாலிப் பக்கம் நல்ல செம்மண் காணி வேலிக்குள் கிடப்பதற்கும் நேரான தொடர்பு இருக்கிறது. அதைச் சொல்லாமல் நீடித்து நிலைக்கும் நகரம் பற்றிப் பேச எனக்கு மனம் வரவில்லை.

என் பெரியம்மா பெய்ரூட்டில் 9 வருடம் வீட்டு வேலை செய்தவர். அங்கே யுத்தம் முடிந்த பிறகு நகர நடுவை ஒரு தனியார் கம்பனியிடம் கொடுத்தார்கள், 1994இல் தொடங்கின வேலை, காணிக்காரருக்கும் கடைக்காரருக்கும் கட்டடத்துக்குப் பதிலாகப் பங்குப் பத்திரம். கல்லுப் பதித்து, கண்ணாடி போட்டு மிக அழகான இடம், ஆனால் பழைய சந்தைக்கு வந்த சனம் ஒருவரும் அங்கே இல்லை என்று பெரியம்மா சொல்வார். யாழ் நகரத்துக் குளக்கரைகள் அப்படி ஆகக் கூடாது.

உங்கள் ஒழுங்கைத் தாழ்வில் யாராவது குடியிருந்தால் முதலில் போய் அவர்களோடு கதையுங்கள். கடிதத்தில் அவர்களின் கையெழுத்தும் இருக்கட்டும்.

---

இரணைமடு_வயல் எழுதியது:

சின்னதாக ஒன்று. "கிணறு கெட்டுவிட்டது, குழாய்த் தண்ணீர் வருகிறதுதானே" என்று யாராவது சொல்லக்கூடும். அந்தக் குழாய்க்கு முதலில் எங்கள் இரணைமடுக் குளத்தைத்தான் குறி வைத்தார்கள். கிளிநொச்சி விவசாயிகள் மறித்தோம், சிறுபோகத்துக்கே போதாத வருடங்களில் எதைக் கொடுப்பது? பிறகு கடல்நீரைச் சுத்திகரிக்கும் திட்டமாக மாறி, 2024 ஓகஸ்டில் வடமராட்சி கிழக்குத் தாளையடியில் திறந்தார்கள், நாளைக்கு 24,000 கனமீற்றர். நல்லது, யாழ்ப்பாணத்துச் சனத்துக்குத் தண்ணீர் வேண்டும். ஆனால் கடல்நீரில் இருந்து ஒரு கனமீற்றர் நல்ல தண்ணீர் எடுக்க 3, 4 யூனிற் மின்சாரம் போகும். கரண்ட் நின்றால் அதுவும் நிற்கும். அங்கத்தைய மீனவர்களுக்கும் அந்த உப்புக் கழிவைப் பற்றிப் பயம் இருந்தது, போராடினார்கள்.

1,000 சதுர அடிக் கூரையில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் 9,000 லீற்றருக்கு மேல். அதைப் பிடித்து வையுங்கள். முதல் மழையைக் கழித்துவிட்டு, வடித்துத் தொட்டிக்கு விடுங்கள், நேரே கிணற்றுக்குள் விடாதீர்கள். உங்கள் கிணறு நன்றாக இருந்தால் எங்கள் வயலும் தப்பும்.

---

நாவாந்துறை_ஒழுங்கை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இத்தனை பேர் இவ்வளவு அக்கறையாக எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

சனிக்கிழமை ரியூப் வாங்கி, ஏஎல் படிக்கிற பிள்ளைகள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு 14 படலையும் அளந்தோம். ஆகத் தாழ்வு 11ஆம் வீடு, ஒழுங்கைத் தொடக்கத்தை விட ஒன்றேகால் அடி பள்ளம். ஆனால் எங்களுக்குத் தெரியாத ஒன்று வெளிவந்தது: ஒழுங்கை முடிவில் இருக்கிற மதிலுக்கு அப்பால் உள்ள காணி 11ஆம் வீட்டை விட இன்னும் பள்ளம். அவ்வளவு இடிபாடு கொட்டியும் அது நிரம்பவில்லை. தண்ணீர் எங்கே போக நினைக்கிறது என்று பிள்ளைகளே சொல்லிவிட்டார்கள். அந்தத் தாளைப் பார்த்த பிறகு மண் கொட்டலாம் என்று நின்ற ஏழு வீட்டில் நாலு வீடு மாறிவிட்டது.

பழைய சைக்கிள் ஐயா ஞாயிறு காலை வந்தார். பூவரசு இப்போது இல்லை, அடிக்கட்டை மட்டும் இருந்தது. அதற்கு நேரே தோண்டினோம். இரண்டு அடிக்குக் கீழே பொழிந்த கல்லு வளைவு, அவர் சொன்ன மாதிரியே அரை வட்டம். உள்ளே களி, ஓட்டுத் துண்டு, சொப்பிங் பை, ஒரு ரின்பால் பேணி. ஐயா குந்தியிருந்து கையாலேயே களியை இழுத்து எடுத்தார், நாங்கள் மறித்தும் கேட்கவில்லை. ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம், கொஞ்ச நேரம் நின்றுவிட்டு மெல்ல மறுபக்கம் போனது.

அந்தக் காணியின் ஒரு மூலையில் இரண்டு குடும்பம் இருக்கிறார்கள், 2013இல் இருந்து. கோணப்புலம் தங்கச்சி சொன்னது மனதில் நின்றதால் முதலில் அவர்களிடம்தான் போனோம். அவர்களுக்கும் மாரியில் தண்ணீர்தான், அவர்கள் இருக்கிற மூலை கொஞ்சம் மேடு, அதைத் தொடாமல் நடுப்பள்ளத்தை மட்டும் திறந்தால் தங்களுக்கும் நல்லது என்றார்கள். கையெழுத்துப் போடுகிறார்கள். உரிமையாளர் கனடாவில். காணி உறுதியில் அது குளமா தாழ்வா என்று பார்க்க வேண்டும், நில அளவைப் படத்தின் பிரதி எடுக்க நாளை மறுநாள் கச்சேரிக்கு (மாவட்டச் செயலகம்) போகிறேன்.

கடிதத்தில் மூன்று கேட்கிறோம்: பழைய கொங்கிறீற்றை எடுத்துவிட்டு மட்டத்தை இறக்கிப் போடுவது, மதகில் இருந்து பெரிய வாய்க்கால் வரைக்கும் வழி, ஏரித் தண்ணீர் திரும்பி ஏறாமல் வாயில் ஒரு மடைக் கதவு. பிள்ளைகள் அனுப்பும் காசில் ஐந்து மூடின தொட்டி கட்டலாம் என்று ஒரு மேசன் கணக்குச் சொன்னார். கிணற்றடி, அந்த அளவுகளைக் கொஞ்சம் விபரமாக எழுத முடியுமா, தொட்டியின் அடித்தளத்துக்கு எத்தனை அங்குலம் கொங்கிறீற் போட வேண்டும் என்று.

மதகின் மிச்சக் களியை நாளை காலை ஆறு மணிக்கு அள்ளுகிறோம். மண்வெட்டியும் கடகமும் போதாது, பக்கத்து ஒழுங்கைக்காரர் இதை வாசித்தால் கொண்டு வாருங்கள்.